அக்னி நட்சத்திரத்தில் ஒரு காற்றூட்டத் தொட்டி

சோற்றுக்கு உலை வைக்கும்போது, தண்ணீர் கொதிப்பதற்கு வெகு நேரம் முன்பே பாத்திரத்தின் உட்புறத்தில் கடுகு போன்ற குமிழ்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவை நீராவி அல்ல. நீரில் கரைந்திருந்த காற்றே சூடு ஏற ஏற வெளியேறுகிறது. கோடையில் வற்றிச் சுருங்கிய கண்மாய்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கும் இது ஒரு காரணம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அந்த அளவு 7.6 ஆகக் குறைந்துவிடும்.

மதுரையின் பாதாளச் சாக்கடை நீர் அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. இத்தகைய நிலையங்களில் அழுக்கைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். அவை மூச்சுவிடுவதற்காகவே ப்ளோயர்கள் என்னும் காற்று ஊதும் எந்திரங்கள், தொட்டியின் அடியிலுள்ள டிஃப்யூசர்கள் என்னும் துளையிட்ட கருவிகள் வழியாகக் காற்றைக் குமிழ்களாகச் செலுத்துகின்றன. அப்படியானால் கோடையில் ஆக்சிஜன் நீருக்குள் இறங்குவதே கடினமாகிவிடுமா?

இல்லை என்பதுதான் வியப்பு. ஆக்சிஜன் கரையும் வேகம் இரண்டின் பெருக்கல் பலன்: நீர் கொள்ளக்கூடிய உச்ச அளவுக்கும் அதில் ஏற்கெனவே இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி ஒன்று, குமிழிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் ஊடுருவும் எளிமை மற்றொன்று. தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனை நிலைநிறுத்துவதாகக் கொண்டால், 20 டிகிரியில் 7.1 ஆக இருக்கும் இடைவெளி 30 டிகிரியில் 5.6 ஆகிறது. ஆனால் சூடான நீரில் மூலக்கூறுகள் விரைந்து நகர்வதால், ஊடுருவும் எளிமை டிகிரிக்கு ஏறத்தாழ 2.4 சதவீதம் கூடி, பத்து டிகிரியில் 27 சதவீதமாகிவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் இழப்பும் ஆதாயமும் அநேகமாகச் சரிக்குச் சரி.

உண்மையான நெருக்கடி தேவையின் பக்கம்தான் இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் பாக்டீரியாக்களின் இயக்கம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆக்சிஜன் வரத்து அதே அளவாக இருக்க, கேட்பு மட்டும் ஏறுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தளர்பவை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள். ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு அவற்றுக்கு 4.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். போதாக்குறைக்கு, 40 டிகிரி வெயிலில் ப்ளோயர் உறிஞ்சும் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது.

இங்கே கைகொடுப்பது குமிழின் அளவு. ஒரு லிட்டர் காற்றை 10 மில்லிமீட்டர் குமிழ்களாக விட்டால் அவற்றின் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர். அதே காற்றை 2 மில்லிமீட்டர் குமிழ்களாக்கினால் 3 சதுர மீட்டர். சிறு குமிழ் மெதுவாக மேலேறுவதால் நீரோடு தொடர்பில் இருக்கும் நேரமும் கூடுகிறது. நம் வீடுகளிலிருந்து வரும் சோப்பும் சலவைத்தூளுமோ குமிழின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்து ஊடுருவலைத் தடுக்கின்றன. சிறு குமிழ்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன. டிஃப்யூசரின் துளைகளில் படியும் வழவழப்பான அழுக்கை அவ்வப்போது கழுவி நீக்காவிட்டால், குமிழ் பெருத்துப் பயன் போய்விடும்.

பாதுகாப்புக்கென்று கரைந்த ஆக்சிஜனை 4 மில்லிகிராமுக்கு உயர்த்தி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 30 டிகிரியில் அப்போது இடைவெளி 5.6 இலிருந்து 3.6 ஆகச் சுருங்கும். அதே அளவு ஆக்சிஜனைக் கரைக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று வேண்டும். நிலையத்தின் மின்செலவில் பாதியளவு காற்றூட்டத்துக்கே போகும் நிலையில், பாக்டீரியாக்களுக்குப் பெரிதாக எதையும் தராத அந்தக் கூடுதல் காற்று மேற்பரப்பில் வெறுமனே வெடித்துக் கலைகிறது.