குதிரை ஓடும், கழுதை நிற்கும், நரி கணக்குப் போடும்

வளர்ந்த குதிரை ஏறக்குறைய 500 கிலோ இருக்கும். செந்நரி பெரும்பாலும் 5 முதல் 7 கிலோதான். நன்றாகத் தின்று கொழுத்த வீட்டுப் பூனை இதற்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆனாலும் மேய்ச்சல் நிலத்தில் நரி ஒன்று சுற்றுவதைப் பார்த்ததும் குதிரை வளர்ப்பவர்களுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, அதுவும் குட்டி ஈனும் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பதற்றம் பெரும்பாலும் தேவையில்லை. ஏன் தேவையில்லை என்று பார்க்கப் போனால், கோழியையும் ஆட்டுக்குட்டியையும் காப்பது எப்படி என்பதும் கூடவே விளங்கிவிடும்.

நரி அங்கே வருவது குதிரைக்காக அல்ல. குதிரைகள் புல்லை ஒட்ட மேய்ந்த இடத்தில் மண்புழுவைப் பிடிப்பது சுலபம். லத்தியைக் கிளறினால் வண்டு கிடைக்கும். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்கு நரி வரும். குட்டி ஈன்ற இடத்தில் கிடக்கும் நஞ்சுக்கொடியும் நரிக்கு நல்ல தீனி. குட்டியோ பிறக்கும்போதே சுமார் 50 கிலோ எடை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். பக்கத்திலேயே தாய் நிற்கிறது. அதன் ஓர் உதை நரியின் எலும்பை முறிக்கப் போதும்.

அப்படியானால் செத்த குட்டியின் பக்கத்தில் நரியைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார்களே? பார்த்தது உண்மைதான், ஆனால் கொன்றது யார் என்பது வேறு கேள்வி. கால்நடை மருத்துவர்கள் கடித்த இடத்தில் தோலை உரித்துப் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால், இதயம் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்ததால் தோலுக்கடியில் கசிந்து கன்றிப்போயிருக்கும். செத்தபின் கடித்த இடத்தில் அந்தக் கன்றல் இருக்காது. குளம்பையும் பார்ப்பார்கள். பிறந்த குட்டியின் குளம்பு நுனியில் மெத்தென்ற ஒரு படலம் இருக்கும், நடக்க நடக்கத் தேய்ந்து உதிரும். அது தேயாமல் அப்படியே இருந்தால் குட்டி ஓர் அடிகூட நடக்கவில்லை என்று அர்த்தம். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, அது மூழ்கிவிட்டால் பெரும்பாலும் குட்டி மூச்சே விட்டிருக்காது. நரி மேல் சுமத்தப்படும் பழிகளில் கணிசமானவை இந்தச் சோதனைகளில் அடிபட்டுப் போகும். ஆட்டுக்குட்டிக்கும் இதே முறைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குதிரைக்காரர்கள் நரியைப் பார்த்துப் பயப்படலாம், அது வெறிநோய். நோய் தலைக்கேறிய நரி லாப நஷ்டம் பார்க்காது, குதிரையின் மூக்கையே போய்க் கடிக்கும். இதற்குத் துப்பாக்கியைவிட நன்றாக வேலை செய்தது தடுப்பு மருந்து. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் மருந்தை வைத்து நரிகள் நடமாடும் இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். நரிகள் தின்றன, நோய் பரவுவது நின்றது. பிறகு அந்த முறை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும் போனது. மேற்கு ஐரோப்பாவில் நரி வழியாகப் பரவும் வெறிநோய் இன்று ஒழிந்துவிட்டது. நோய் இன்னும் இருக்கும் நாடுகளில் குதிரைக்கே தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது.

சரி, நோயில்லாத நரி எப்படி முடிவெடுக்கிறது? அதன் கண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். நரியின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்தான கீற்றாகச் சுருங்கும், குதிரையின் கண்மணி கிடைக்கோடாக நீளும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு 214 தரைவாழ் விலங்குகளின் கண்மணிகளை ஒப்பிட்டது. பதுங்கிப் பாயும் குட்டையான வேட்டை விலங்குகளுக்குச் செங்குத்துக் கீற்று அதிகம், இரைக்கு எவ்வளவு தூரம் என்று துல்லியமாக அளக்க அது உதவுகிறது. மேயும் விலங்குகளுக்குக் கிடைக்கோடு, சுற்றியுள்ள தரையை அகலமாகப் பார்க்க அது உதவுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று: குதிரை தலையைக் குனிந்து மேயும்போது கண் குழிக்குள்ளேயே சுழன்று, கண்மணி தரைக்கு இணையாகவே நிற்கிறது. வாய் புல்லில் இருந்தாலும் பார்வை தொடுவானத்தை விடுவதில்லை.

ஆக, குதிரையின் தற்காப்பு சீக்கிரம் பார்ப்பது, சீக்கிரம் ஓடுவது. திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்த விலங்குக்கு அது போதும். ஆனால் அந்தத் தற்காப்பு குதிரைக்கு மட்டுமே. பக்கத்தில் மேயும் ஆட்டுக்குட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கழுதை அப்படியில்லை. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை வாழ்ந்தது வறண்ட கரடுமுரடான நிலத்தில். தீனி சிதறிக் கிடந்ததால் பெரிய கூட்டம் சேரவில்லை, கண்மூடித்தனமாக ஓட இடமும் இல்லை. அதனால் கழுதை முதலில் நின்று பார்க்கும். வந்தது நாய்க் குடும்பத்து விலங்கு என்றால் காதை மடக்கி, கத்தி, துரத்தி, கடித்து, முன்னங்காலால் மிதிக்கும். பல நாடுகளில் ஆட்டு மந்தைக்குக் காவலாகக் கழுதையை விடுவது இதனால்தான். ஆனால் ஒரு மந்தைக்கு ஒன்றுதான் விட வேண்டும். இரண்டு விட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஆடுகளை மறந்துவிடும். காயடிக்காத ஆண் கழுதை ஆட்டுக்குட்டிகளையே தாக்கக்கூடும். பண்ணை நாய்க்கும் நரிக்கும் அது வித்தியாசம் பார்க்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நரிக்குக் கழுதை போதும், ஓநாய்க் கூட்டத்துக்குப் போதாது.

கோழிக் கூண்டுதான் நரி தன் கணக்கை மறக்கும் இடம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருபதையும் கொன்று போட்டுவிடும். இதைப் பார்த்துக் கொலைவெறி என்கிறோம். நரியின் மூளையில் பசியும் வேட்டையும் தனித்தனி விசைகள், வேட்டையை முடுக்குவது இரையின் படபடப்பு. காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும், அத்தோடு முடிந்தது. கூண்டில் எதுவும் பறக்க முடியாது, படபடப்பு நிற்பதே இல்லை. விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972இல் எழுதிய ஆய்வு, இங்கிலாந்தின் கடற்பறவைக் கூட்டங்களில் இதே கதை நடப்பதை விவரித்தது. கும்மிருட்டான இரவுகளில் பறவைகள் எழுந்து பறக்காமல் உட்கார்ந்தே இருக்க, நரிகள் அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. மிஞ்சியதை நரி மண்ணில் புதைத்து வைக்கும். விடிந்து ஆள் வந்துவிட்டால் அதற்கும் நேரம் கிடைக்காது.

ஆகவே நரி உள்ளே போகாமல் தடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோழி வலை என்று விற்கும் மெல்லிய வலை கோழி வெளியே போவதைத் தடுக்கும், நரி உள்ளே வருவதைத் தடுக்காது. அது கடித்தே கிழித்துவிடும். பற்றவைத்த கனமான கம்பிவலை வேண்டும். நரி தோண்டுவது வேலியின் அடியை ஒட்டித்தான். அதனால் வலையின் கீழ்ப் பகுதியை வெளிப்புறமாக மடக்கி, ஓர் அடி அகலத்துக்குத் தரையில் படுக்க வைத்து முளை அடித்தால் போதும். தோண்டும் இடத்திலெல்லாம் கம்பி. இரண்டடி பின்னால் போய்த் தோண்டினால் என்ன என்று நரிக்குத் தோன்றுவது அபூர்வம்.

மின்வேலி இன்னும் சுவாரசியம். கருவியின் ஒரு முனை கம்பிக்கும் மறுமுனை மண்ணில் அடித்த கம்பத்துக்கும் போகிறது. விலங்கு கம்பியைத் தொட்டதும் அதன் உடல், கால், மண் வழியாகச் சுற்று முழுமையாகிறது. பல ஆயிரம் வோல்ட், ஆனால் நொடிக்கு ஒரு முறை, அதுவும் மிகச் சிறிய துடிப்பு, வலிக்கும், கொல்லாது. நரியின் ரோமம் மின்சாரத்தைக் கடத்தாது. முதுகு பட்டால் ஒன்றும் ஆகாது, ஈரமான மூக்கு பட்டால்தான் பாடம். அதனால் கீழ்க் கம்பி நரியின் மூக்கு உயரத்தில் ஓட வேண்டும். மண் காய்ந்துபோனால் சுற்று அறுந்துவிடும், புல் வளர்ந்து கம்பியில் பட்டால் மின்சாரம் அதில் கசிந்துவிடும். வேலி பலிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். குதிரையும் அதே நிலத்தில் இருந்தால் வலைக்கண் குளம்பு நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். நரியைத் தடுக்கப் போய்க் குதிரைக் காலை முறித்துவிடக் கூடாது.

விளக்கு, சத்தம், பொம்மை எல்லாம் நரியிடம் சில நாட்கள்தான் செல்லும். சிலி நாட்டு மேட்டு நிலத்தில் மந்தைகளைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளை வைத்து ஆராய்ந்தபோது பூமா விலகியது, ஆண்டிஸ் நரி அசரவில்லை. காவல் நாய் வேறு ரகம். அது பதிலுக்கு வந்து மோதும். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவுக்குக் கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய்ச் சிறு பென்குயின்களைத் தின்றன. 2005இல் பத்துகூட மிஞ்சவில்லை. மறு ஆண்டு மரெம்மா இன நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள், ஒரு கோழிப் பண்ணைக்காரர் தந்த யோசனை அது. பென்குயின்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2017இல் கடல் கொந்தளித்து நாய்களைக் கொண்டுபோக முடியாத சமயத்தில் நரி நுழைந்துவிட்டது, மறுபடி பெரும் சேதம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் முன்பு நரியே கிடையாது. குதிரை மேலேறித் துரத்தி விளையாட என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் கொண்டுவந்தது அது.

சுட்டுத் தள்ளினால் தீராதா என்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுடுவதில் பெரும்பாலும் தீராது. ஒரு நரி போனால் அதன் எல்லை காலியாகிறது, இடம் தேடி அலையும் இளம் நரி சீக்கிரமே வந்து குடியேறும். அதற்குச் செலவிடும் நேரத்தைக் கூண்டுக் கதவில் செலவிடலாம். இருட்டியதும் தானாக மூடும் கதவுகள் கிடைக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. மூடுமுன் எல்லாக் கோழியும் உள்ளே வந்துவிட்டதா என்று அவை எண்ணுவதில்லை, அதை மட்டும் நாம் எண்ண வேண்டியிருக்கும்.