எக்டோஜெனிசிஸ்: சோதனைக்குழாய்க் குழந்தை அல்ல

தொடக்ககால அறிவியல் புனைகதைகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் எக்டோஜெனிசிஸ் என்ற சொல் வந்தால், பலர் 'சோதனைக்குழாய்க் குழந்தை' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சிலர் 'செயற்கைக் கருத்தரிப்பு' என்கிறார்கள். இரண்டுமே பிழை.

கிரேக்கத்தில் 'எக்டோஸ்' என்றால் வெளியே, 'ஜெனிசிஸ்' என்றால் தோற்றம். தாயின் உடலுக்கு வெளியே கருவை வளர்த்துக் குழந்தையாக்குவது என்ற பொருளில் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1923-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரை, மறு ஆண்டு 'டீடலஸ்' என்ற சிறு நூலாக வந்தது.

அந்த நூலே சோதனைக்குழாய்க்காரர்களை மறுக்கிறது. எதிர்கால மாணவன் ஒருவன் எழுதும் கட்டுரையாக ஹால்டேன் ஒரு வரலாற்றைக் கற்பனை செய்கிறார். விமான விபத்தில் சிக்கிய பெண்ணின் சூலகத்தை இரண்டு விஞ்ஞானிகள் உயிரோடு காக்கிறார்கள். முட்டைகளைக் கருவுறச் செய்வதில் வெற்றி கிடைத்துவிடுகிறது. கருவுக்கு ஊட்டம் தந்து தாங்குவதுதான் கடினம். அது நான்காம் ஆண்டில்தான் கைகூடுகிறது. 1951-இல் முதல் குழந்தை! ஆக, கருவுறுதல் இங்கே தொடக்கப்படி மட்டுமே. சோதனைக்குழாய் முறையிலோ அந்த ஒரு படிதான் வெளியே நடக்கிறது. அம்முறையில் 1978-இல் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் தாயின் கருப்பையில்தான் வளர்ந்தாள். கருத்தரித்தலையும் கருவளர்த்தலையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஹால்டேன் சொன்ன புதுமை முழுவதும் காணாமல் போகிறது.

'செயற்கைக் கருப்பை' நல்ல சொல்தான். ஆனால் அது கருவியின் பெயர், செயலின் பெயர் அல்ல. 'புறக்கருவளர்ச்சி' என்று சுருக்கினால் கருக்குழாயில் கரு தங்கிவிடும் ஆபத்தான நிலையோடு குழம்பும். 'உடற்புறக் கருவளர்ப்பு' என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் எங்கே, என்ன நடக்கிறது என்பதைப் படித்தவுடனே சொல்லிவிடுகிறது. 'வளர்ச்சி' அல்ல, 'வளர்ப்பு'. யாரோ ஒருவர் வளர்க்கிறார்.

கலைச்சொல்லை அகராதியில் தேடுகிறவர்கள் கதையைப் படித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 1932-இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் கருக்கள் குப்பிகளில், நாளுக்கு எட்டு மீட்டர் வீதம் 267 நாட்கள் நகர்கின்றன. கடைசியில் குழந்தையைக் குப்பியிலிருந்து வெளியே எடுப்பதற்கு, வண்டலை விட்டுத் தெளிந்த நீரை ஊற்றியெடுப்பதைக் குறிக்கும் 'டிகேன்ட்' (decant) என்ற ஆய்வகச் சொல்லையே ஹக்ஸ்லி பயன்படுத்துகிறார். இதைப் 'பிறந்தார்கள்' என்று பெயர்த்தால் எப்படி? 'தாய்' என்ற சொல்லே ஆபாசமாகிவிட்ட உலகம் அது; அங்கே யாரும் பிறப்பதில்லை. நம் பள்ளி அறிவியல் பாடத்திலேயே 'தெளியவைத்து இறுத்தல்' இருக்கிறது. 'இறுத்தெடுக்கப்பட்டார்கள்' என்று எழுதலாமே.