ஓடும் வடத்தை விட்டுப் பிடிக்கும் ஸ்கைலைனர்

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வடத்தில் தொங்கியபடி வானத்தில் செல்லும் கேபின்கள் வரப்போகின்றன என்று 2017 ஜூலையில் டிஸ்னி அறிவித்தபோது, ரசிகர்களிடையே பலமாக அடிபட்ட கேள்வி, "ஏசி இருக்குமா?" என்பதுதான். அந்த ஊர்க் கோடையை அறிந்தவர்களுக்கு அது நியாயமான கவலை. மின்னல் வெட்டினால் என்ன ஆகும், நடுவானில் நின்றுவிட்டால் யார் இறக்கிவிடுவார்கள் என்றும் கேட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் விடை தேடிப் போனால், கேபின்களை இழுக்கும் வடம் நிற்காமல் ஓட வேண்டியிருக்கிறது என்பதில்தான் போய் நிற்போம்.

ஆஸ்திரியாவின் டோப்பெல்மாயர் நிறுவனம் அமைத்த டிஸ்னி ஸ்கைலைனர் 2019 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. கரிபியன் பீச் விடுதிதான் இதன் நடு நிலையம். அங்கிருந்து ஒரு வழி ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கும், இன்னொன்று பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதிகளுக்கு நடுவே உள்ள ஏரிக்கும், மூன்றாவது ரிவியரா விடுதி வழியாக எப்காட் பூங்காவுக்கும் போகின்றன. ஒரு கேபினில் 10 பேர் வரை உட்காரலாம். டிஸ்னிக்கு இது புதிதும் இல்லை. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1956 முதல் 1994 வரையும், ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 1971 முதல் 1999 வரையும் ஸ்கைவே என்ற ரோப் கார் ஓடியது. ஆனால் அது பூங்காவுக்குள்ளேயே ஒரு சவாரி. ஸ்கைலைனர் பேருந்துக்குப் பதிலாக மக்களை ஏற்றிச்செல்லும் போக்குவரத்து.

இரண்டு முனைகளிலும் பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி, முனைகள் இரண்டையும் புரி பிரித்துப் பின்னி ஒரே வளையமாக்கப்பட்ட எஃகு வடம். ஒரு முனையில் உள்ள மோட்டார் சக்கரத்தைச் சுற்ற, வடம் ஓடிக்கொண்டே இருக்கும். கேபின்களைத் தாங்குவதும் இழுப்பதும் அந்த ஒரே வடம்தான். வடத்தின் தொய்வு அளவுக்கு மீறாமல் இருக்க, ஒரு முனையில் உள்ள சக்கரத்தை ஹைட்ராலிக் அழுத்தம் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். வெயிலில் வடம் நீண்டாலும், பயணிகளின் எடை கூடிக் குறைந்தாலும், சக்கரம் அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும்.

சரி, மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வடத்தில் தொங்கும் கேபினுக்குள், கைக்குழந்தையோடு எப்படி ஏறுவது? இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேபின் வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படவில்லை. அதன் தலைக்கு மேல் துணி மாட்டும் கிளிப்பைப் போல ஒரு பிடி இருக்கிறது. வலுவான ஸ்பிரிங்குகள் அதை எப்போதும் இறுக மூடியே வைத்திருக்கும். அதாவது பிடித்திருப்பதுதான் அதன் இயல்பு நிலை. மின்சாரம் போனாலும் மோட்டார் நின்றாலும் பிடி விடாது. விட வைக்கத்தான் வெளியிலிருந்து விசை வேண்டும்.

நிலையத்துக்குள் கேபின் நுழைந்ததும் ஒரு தண்டவாளம் அதன் எடையைத் தாங்கிக்கொள்கிறது. இன்னொரு வளைந்த தண்டவாளம் பிடியின் நெம்புகோலை அழுத்த, ஸ்பிரிங் அமுங்கிப் பிடி திறக்கிறது. வடம் தன் பாட்டுக்கு அதே வேகத்தில் ஓடிப்போகிறது. கேபினின் மேல்பட்டையை வரிசையாக உள்ள ரப்பர் டயர்கள் உரசுகின்றன. ஒவ்வொரு டயரும் முந்தையதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழலும். சில நொடிகளில் கேபின் நிதான நடையின் வேகத்துக்கும் கீழே வந்துவிடும். கதவு திறக்கும், இறங்குவார்கள், ஏறுவார்கள், கதவு மூடும். அப்புறம் எதிர்ப்பக்க டயர்கள் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழன்று, கேபினை வடத்தின் வேகத்துக்கே கொண்டுவந்துவிடும். இரண்டும் சம வேகத்தில் போகும் அந்தக் கணத்தில் பிடி மூடுகிறது. வேகம் ஒத்திருப்பதால் உள்ளே இருப்பவருக்குப் பெரிய குலுக்கல் தெரியாது. பிடி சரியாக இறுகியதா என்பதைச் சோதித்த பிறகே கேபினை வெளியே விடுவார்கள்.

இதனால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 நொடிக்கு ஒரு கேபின் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 360 கேபின்கள். எல்லாம் நிரம்பினால் ஒரு திசையில் 3,600 பேர். 50 பேர் ஏறும் பேருந்து என்றால் 72 பேருந்துகள் வேண்டும். பூங்கா மூடும் நேரத்தில் வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருப்பதன் காரணம் இதுதான். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 2014 முதல் இதே வகைக் கேபின்களை நகரப் போக்குவரத்தாகவே ஓட்டுகிறது.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இதே பிடிதான் கைகொடுக்கிறது. வடத்தை விட்டுவிட்ட கேபினை எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம் அல்லவா? பெரும்பாலான நிலையங்களில் ஒரு கிளைப்பாதை உண்டு. அங்கே கேபின் முழுதாக நின்று, நிதானமாக ஏற்றிக்கொண்டு, மீண்டும் வரிசையில் சேரும். பொதுப் போக்குவரத்து என்று சொல்லிக்கொள்ளும் எதற்கும் இது அவசியம் என்பேன். எப்காட் வழியில், யாரும் ஏறி இறங்காத ஒரு நிலையம் இருப்பதும் இந்தப் பிடியை நம்பித்தான். வழி நெடுக வடத்தைத் தாங்கும் கோபுரங்களின் உருளைகள் மேல் அது ஏறி இறங்கலாமே தவிர, பக்கவாட்டில் பெரிதாக வளைய முடியாது. அதனால் திரும்ப வேண்டிய இடத்தில் கேபின் வடத்தை விட்டு, தண்டவாளத்தில் வளைந்து, மறுபடி பிடித்துக்கொள்கிறது.

இப்போது ஏசிக்கு வருவோம். கேபினில் ஏசி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 10 பேர் என்றால் ஒரு கிலோவாட், அறைச் சூடேற்றி ஒன்றை உள்ளே வைத்ததற்குச் சமம். வெயில் வேறு. வடத்தின் வழியே கேபினுக்கு மின்சாரம் வருவதில்லை. பேட்டரியோடு ஏசியும் வைத்தால் ஒவ்வொரு கேபினும் கனத்துப்போகும், அந்தக் கனத்தை வடமும் கோபுரங்களும் சுமக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் காற்று புகுந்து வெளியேறும் திறப்புகள் வைத்தார்கள். பல கேபின்களின் கண்ணாடிகளில் ஒட்டிய டிஸ்னி பாத்திரங்களின் படங்கள் வெயிலையும் ஓரளவு மறைக்கின்றன. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும்போது இந்தக் காற்றோட்டம் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் வடம் நின்றால் காற்றும் குறையும். ஆகவே ரசிகர்களின் கவலையில் உண்மை இருந்தது. ஓடும் கேபினைவிட, நின்ற கேபினைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அது எப்போது நிற்கும்? யாராவது ஏறத் தடுமாறினால் வடத்தையே மெதுவாக்கவோ நிறுத்தவோ நேரும். ஒரே வடம் என்பதால் அந்த வழியில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து நிற்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். திறந்து ஒரு வாரம்கூட முழுதாக முடிந்திருக்காத 2019 அக்டோபர் 5 அன்று இரவு நிலைமை வேறு. ரிவியரா நிலையத்தில் கேபின்கள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. எப்காட் வழியில் சிலர் 3 மணி நேரத்துக்கும் மேலாக வானில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் வந்து சிலரை இறக்கினார்கள். சில நொடிகளுக்கு ஒன்றாக உள்ளே வரும் அமைப்பில், ஒரு கேபின் வெளியேறத் தவறினாலும் அடுத்தது பின்னாலேயே வந்துவிடும். வடத்தைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, கேபின்கள் பயங்கரமாக ஆடிவிடும். ஸ்கைலைனர் அக்டோபர் 14 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது.

மழை மட்டும் பெய்தால் ஸ்கைலைனர் ஓடும். மின்னல் நெருங்கினாலோ காற்று பலமாக வீசினாலோ நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் மத்திய ஃபுளோரிடாவும் ஒன்று. அதனால் கோடை மாலைகளில் இது சகஜம். முதலில் புதிதாக யாரையும் ஏற்றமாட்டார்கள். ஏற்கெனவே கேபின்களில் இருப்பவர்களை நிலையங்களுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகே வடம் நிற்கும். இப்படிப்பட்ட ரோப் கார்களில் மின்சாரம் போனாலும் பெரிய சக்கரத்தைச் சுற்ற மாற்று இயந்திரம் இருக்கும். வேகம் குறைவுதான், ஆனால் வழியில் இருப்பவர்களை ஒவ்வொரு கேபினாக நிலையத்துக்கு இழுத்துவர அது போதும்.