ஹேசிங்: தமிழில் பகிடிவதை

ஹேசிங் (hazing) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘சீண்டல்’, ‘கேலி’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. அணிக்குப் புதிதாக வந்தவனைப் பழையவர்கள் சேர்ந்துகொண்டு, இதைத் தாங்கினால்தான் நீ எங்கள் ஆள் என்று இழிவுபடுத்துவது, எடுபிடி வேலை வாங்குவது, காசு பிடுங்குவது எல்லாமே இதில் அடக்கம். இது கப்பலில் புழங்கிய சொல். மாலுமிகளை ஒடுக்கவென்றே தேவையில்லாத வேலையைச் சுமத்துவதற்கு அந்தப் பெயர். பிறகு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவி, விளையாட்டு அணிகளுக்குள்ளும் வேர்பிடித்தது.

புல்லியிங் (bullying) வேறு. அதில் புதியவன், பழையவன் என்ற கணக்கெல்லாம் இல்லை, எளியவனை வலியவன் விடாமல் வதைப்பது அது. ‘புல்லி’ என்ற சொல்லுக்கு 16ஆம் நூற்றாண்டில் ‘அன்புக்குரியவர்’ என்று பொருள் இருந்தது என்றால் நம்பவே முடியவில்லை.

இரண்டும் எப்படிக் கலந்துபோகும் என்பதற்கு மயாமி டால்ஃபின்ஸ் விவகாரம் போதும். நாம் ஆடும் கால்பந்து அல்ல, ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆடும் அணி அது. 2012இல் சேர்ந்த ஜோனதன் மார்ட்டின், இரண்டாவது பருவத்தில், 2013 அக்டோபரில் அணியை விட்டே வெளியேறினார். அன்று அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே மாதக்கணக்கில் அவருடைய நிறத்தையும் தாயையும் சகோதரியையும் இழுத்து வசைபாடியிருந்தார்கள். இதை விசாரித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் 2014 பிப்ரவரியில் கொடுத்த 144 பக்க அறிக்கையில், வதைத்த சக வீரர்களாக ரிச்சி இன்காக்னிட்டோ, ஜான் ஜெர்ரி, மைக் பவுன்சி மூவர் பெயரும் இருக்கிறது. அதில் என்னைக் கொதிக்க வைத்தது, வீரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட அபராதங்களை எழுதிவைத்த நோட்டு: மார்ட்டினை ‘உடைத்ததற்கு’ இன்காக்னிட்டோ தனக்குத்தானே 200 டாலர் அபராதம் போட்டுக்கொண்டார், முதலில் உடையாமல் தாக்குப்பிடித்த இன்னொரு வீரருக்கு 250 டாலர் பரிசு! விளையாட்டாகத்தான் பேசினோம், எங்களுக்குள் இப்படித்தான் என்று வேறு சொன்னார்கள். மார்ட்டினும் அவர்களோடு நட்பாகப் பழகினாரே என்ற வாதத்தையும் அறிக்கை ஏற்கவில்லை. வதைபடுகிறவர் சமாளிப்பதற்காகச் சிரித்துவைப்பார், அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சரி, தமிழில் என்ன? தமிழ்நாட்டில் ராகிங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், 1997இல் அதற்குத் தடைச் சட்டம் வந்த பிறகும்தான். இலங்கைத் தமிழர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: பகிடிவதை. பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு, நம் பக்கத்துப் பகடிதான். பல்கலைக்கழக ராகிங்குக்கு அங்கே செய்தித்தாளிலும் பேச்சிலும் இதுதான் புழக்கம். வேடிக்கை என்ற சாக்கும் அதற்குள் நடக்கும் கொடுமையும் ஒரே சொல்லில் வந்துவிடுவதால் அணிகளுக்குள் நடப்பதற்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

புல்லியிங்குக்குத் துன்புறுத்தல் போதும். புதியவன் என்ற சாக்கு தீர்ந்த பிறகும் தொடர்ந்தால் அதைப் பகிடிவதை என்றுகூடச் சொல்லக்கூடாது. மார்ட்டினுக்கு இரண்டாவது ஆண்டில் நடந்தது துன்புறுத்தல்.