இன்டர்மிட்டன்ட்: ‘இடைப்பட்ட’ என்று எழுதாதீர்கள்

தங்கை மகன் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தானே ஒரு கணினி அசெம்பிள் செய்தான். பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் காலையில் பொத்தானை அழுத்தினால் சில நாள் வரும், சில நாள் வராது. விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அணைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து ஓடும். மதர்போர்டு நிறுவனத்தின் உதவிக் குறிப்பைத் தமிழில் தேடிப் படித்திருக்கிறான். ‘இடைப்பட்ட துவக்கத் தோல்வி’ என்று ஒரு தலைப்பு. துவங்கும்போது நடுவில் நின்றுவிடுவது என்று அதைப் புரிந்துகொண்டு, அப்படியானால் கோளாறு விண்டோஸ் இருக்கும் சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியில்தான் என்று முடிவுசெய்து, அதைத் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக அதில் தொலைத்தான். மறுநாள் காலை பழைய கதைதான். “நடுவுல நிக்குதுன்னுதான மாமா போட்டிருக்கு?” என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல்லைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்தத் தலைப்பில் ‘இடைப்பட்ட’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருப்பது இன்டர்மிட்டன்ட் என்ற ஆங்கிலச் சொல். அது இலத்தீன் வழி வந்தது. இன்டர் என்றால் இடையில், மிட்டெரே என்றால் அனுப்பு, போகவிடு. நடுநடுவே விட்டு நிகழ்வது என்று பொருள். வேர் அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நம்முடைய ‘விடு’ என்ற வினையிலும் அதே இரண்டு பொருளும் இருப்பது: பிடித்ததை விடுகிறோம், தூதும் விடுகிறோம். இடை, விடு இரண்டையும் சேர்த்தால் இலத்தீன்காரர்கள் கட்டியதைப் போலவே ஒரு சொல் நம்மிடம் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் அது புதிதும் இல்லை. இடைவிடாத மழை, இடைவிடாத இருமல் என்று பேசாதவர் யார்? அந்த ‘விடாத’வை ‘விட்ட’ ஆக்கினால் இடைவிட்ட. யாரும் உட்கார்ந்து ஆக்கவேண்டிய கலைச்சொல்லே அல்ல இது, வீட்டிலேயே இருப்பது.

இப்போது ‘இடைப்பட்ட’வுக்கு வருவோம். இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரம், இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயது. இந்தச் சொல் வந்தாலே ‘எதற்கும் எதற்கும்?’ என்று மனம் கேட்கும், இரண்டு கரைகளைத் தேடும். ‘இடைப்பட்ட பழுது’ என்றால் அந்தக் கரைகள் எவை? வாசகன் தானாக ஒரு பதிலைப் போட்டுக்கொள்கிறான்: பொத்தானை அழுத்தியதற்கும் டெஸ்க்டாப் வந்ததற்கும் நடுவில். அங்கேதான் வழி தவறுகிறது. லோகோ வந்து, விண்டோஸ் சுழலத் தொடங்கி, பாதியில் உறைந்தால் வட்டையும் இயங்குதளத்தையும் பார்ப்பது சரி. சில நாள் திரையே வராமல் போவது வேறு நோய். ரேம் என்கிற நினைவகப் பட்டை, மின்வழங்கி, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள், சிபியுவுக்குப் போகும் 8 பின் கேபிள் என்று தொடுமுனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியது. சொல் பிசகியதால் தேடும் இடமே மாறிவிட்டது. பாதியில் நிற்பதற்குத் தமிழில் நல்ல சொல் தனியாக இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ‘இடைநிற்றல்’ என்கிறோமே, அதுதான். பாதியில் உறைந்தால் துவக்கம் இடைநின்றது. சில நாள் வந்து சில நாள் வராவிட்டால் இடைவிட்ட பழுது. இப்படிப் பிரித்து எழுதியிருந்தால் அவனுடைய ஞாயிறு பிழைத்திருக்கும்.

‘இடைவிட்ட’ என்பதும் பாதியில் கைவிட்டதாகத் தொனிக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்றுவிட்ட அண்ணன் என்றெல்லாம் சொல்லும்போது ‘விட்டு’ என்பது தாண்டிப்போவதைத்தான் காட்டுகிறது, கைவிடுவதை யாரும் நினைப்பதில்லை. முறைக்காய்ச்சல் என்ற பழைய சொல்லைப் பார்த்து ‘முறைப்பழுது’ எனலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அழகான சொல், ஆனால் இங்கே ஒட்டாது. மலேரியாவில் ஒரு வகை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னொரு வகை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று முறைவைத்துக் காய்ச்சல் வரும். இந்தப் பழுதுக்கு முறையே கிடையாது, அதுதானே தொல்லை.

எல்லாவற்றிலும் மோசம் ‘தற்காலிகப் பிழை’. தற்காலிகம் என்றால் போய்விட்டது, இனி வராது என்று ஆகிறது. இடைவிட்ட பழுதில் ஒருமுறை சரியாக வந்ததை நம்பவே கூடாது. நான்கில் ஒரு தடவை மக்கர் செய்கிற கணினி, நாம் ஒரு திருகைக்கூடத் தொடாமலே அடுத்த முறை ஒழுங்காகத் துவங்க நூற்றுக்கு 75 வாய்ப்பு. தொடர்ந்து பத்து முறை ஒழுங்காகத் துவங்கவே நூற்றுக்கு ஐந்தாறு வாய்ப்பு உண்டு. கேபிளை மாற்றி ஒருமுறை போட்டுப் பார்த்து ‘சரியாயிடுச்சு’ என்று மூடியைப் பூட்டுகிறவர்களை ‘தற்காலிக’ என்ற சொல் இன்னும் கெடுக்கும்.

பேச்சில் ‘விட்டுவிட்டு வருது’ என்பது போதும், எனக்கு அதுதான் முதல் விருப்பம். தலைப்பிலும் பட்டியலிலும் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கவேண்டும் என்றால் இடைவிட்ட. ‘அவ்வப்போது’ கேட்க எளிமைதான், ஆனால் ‘அவ்வப்போதைய கோளாறு’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு மடங்கும். ஒழுங்கற்ற என்றால் அது வேறு பொருள். லூஸ் கான்டாக்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது காரணத்தின் பெயர், நடத்தையின் பெயர் இல்லை. எல்லா இடைவிட்ட பழுதும் லூஸ் கான்டாக்ட் ஆகாது.

எனக்கு வருத்தம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்குக்கும் ‘இடைப்பட்ட விரதம்’ என்று எழுதுகிறார்கள், எதற்கும் எதற்கும் இடைப்பட்டதோ? அந்தத் தலைப்பில் இருந்த ‘தோல்வி’யும் உறுத்துகிறது. தேர்தலில் தோற்கலாம், பந்தயத்தில் தோற்கலாம், கணினி யாரிடம் தோற்றது? பழுது இருக்கிறது, கோளாறு இருக்கிறது, மக்கர்கூட இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, இதை வைத்து ஒருவன் திருப்புளியைக் கையில் எடுக்கப்போகிறான் என்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

பையனின் கணினியில் என்ன இருந்தது என்றால், ரேம். அவனுடைய மதர்போர்டில் ரேம் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி. கொக்கிப் பக்கம் ‘டக்’கென்று பூட்டியிருந்தது, மறுபக்கம் நகக்கனம் தூக்கிக்கொண்டு நின்றது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோதுதான் தங்கநிறத் தொடுமுனைகள் ஒரு கோடாக வெளியே தெரிந்தன. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பூட்டினோம். இருபது காலை ஆகிவிட்டது, ஒரு நாளும் தவறவில்லை. அவன் குறிப்பேட்டில் ‘இடைவிட்ட பழுது, காரணம் ரேம்’ என்று எழுதி வைத்திருக்கிறான்.