அமெரிக்காவுல எந்த ஆபீஸ் கதவைத் தட்டணும்? ஃபெடரல், ஸ்டேட், கவுண்ட்டி குழப்பம்

எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு அக்கா, கிரீன் கார்டு, பன்னெண்டு வருசம் வேலை பாத்த கம்பெனில ஆள் குறைச்சப்ப வேலை போச்சு. அன்எம்ப்ளாய்மெண்ட் பணத்துக்கு அப்ளை பண்ணாங்க, ரிஜெக்ட். உடனே ஊர்ப் பழக்கத்துல, தாசில்தார் கேக்கலன்னா கலெக்டர், கலெக்டர் கேக்கலன்னா சி.எம். செல்லுன்னு போவோமே, அதே மாதிரி வைட் ஹவுஸுக்கு ஒரு லெட்டர், காங்கிரஸ்மேனுக்கு (நம்ம ஊர் எம்.பி. மாதிரி) ஒரு லெட்டர் போட்டுட்டு காத்துக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு இடத்துலேந்தும் பதில் வந்துச்சு, ரொம்ப மரியாதையா, "இது உங்க ஸ்டேட் சம்பந்தப்பட்டது"ன்னு. அதுக்குள்ள ரிஜெக்ட் லெட்டரோட ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்த அப்பீல் தேதி எப்பவோ தாண்டிடுச்சு.

இந்த மாதிரி லெட்டரைத் தூக்கிட்டு வர்றவங்களை நிறைய பாத்துட்டேன். எல்லாரும் படிச்சவங்கதான். யாரு ஆபீஸ்னு தெரியாமப் போனதுதான் பிரச்சினை.

விஷயம் இதுதான். இங்க கவர்மெண்ட் மாடிப்படி மாதிரி இல்ல, ஒரே தெருவுல தனித்தனி வீடு மாதிரி. 1787-ல எழுதின கான்ஸ்டிடியூஷன் ஃபெடரலுக்கு, அதாவது வாஷிங்டன்ல இருக்கற மத்திய அரசுக்கு, இன்னின்ன வேலைன்னு எண்ணிக் குடுத்திருக்கு, 1791-ல வந்த பத்தாவது திருத்தம், குடுக்காத மிச்சமெல்லாம் ஸ்டேட்டுக்கும் மக்களுக்கும்னு சொல்லுது. ரெண்டு சட்டம் மோதினா ஃபெடரல் சட்டம்தான் ஜெயிக்கும், அது வாஸ்தவம், ஆனா அதுக்காக ஸ்டேட் ஆபீஸ் கிளார்க்குக்கு வாஷிங்டன் பாஸ் ஆயிடாது. ஸ்டேட் அதிகாரிகளை ஃபெடரல் தன் வேலைக்கு ஏவ முடியாதுன்னு 1997-ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு குடுத்திருக்கு. கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), சிட்டி பத்தி கான்ஸ்டிடியூஷன்ல ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் அந்தந்த ஸ்டேட் உண்டாக்கினது. அதனாலதான் லூசியானால கவுண்ட்டிக்குப் பேரே பேரிஷ், கனெக்டிகட்ல மேப்ல கவுண்ட்டி இருக்கும் ஆனா கவுண்ட்டி கவர்மெண்ட் இருக்காது. லோக்கல் கவர்மெண்ட் மட்டும் நாடு முழுக்க சுமார் 90,000. வாஷிங்டன் டிசி, போர்ட்டோ ரிக்கோ கணக்கெல்லாம் வேற, அதுக்குள்ள நான் போகல.

வரலாறு போதும். இமிகிரேஷன், பாஸ்போர்ட், சோசியல் செக்யூரிட்டி (பென்ஷன் மாதிரி), மெடிகேர் (முக்கியமா 65 வயசு ஆனவங்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ்), இன்கம் டாக்ஸ் இதெல்லாம் ஃபெடரல் (நிறைய ஸ்டேட்ல தனியா ஸ்டேட் இன்கம் டாக்ஸும் உண்டு). டிரைவிங் லைசென்ஸ், அன்எம்ப்ளாய்மெண்ட், நர்ஸ் லைசென்ஸ் மாதிரி தொழில் லைசென்ஸ் எல்லாம் ஸ்டேட். வீட்டு வரி, ஸ்கூல், குப்பை, ரோட்டுப் பள்ளம் லோக்கல். இதுவரைக்கும் சுலபம்.

மாட்டிக்கிறது எங்கன்னா, காசு ஒருத்தர் குடுத்து வேலையை இன்னொருத்தர் பாக்கற திட்டங்கள்ல. வருமானம் குறைவா இருக்கறவங்களுக்கு மருத்துவச் செலவு பாக்கற மெடிகெய்டு அதுல ராஜா. ஃபெடரலும் ஸ்டேட்டும் சேர்ந்து பணம் போடுது, நடத்தறது ஸ்டேட், சில ஸ்டேட்ல ஃபார்ம் வாங்கறது கவுண்ட்டி ஆபீஸ்ல. பேரும் ஒண்ணா இருக்காது, கலிஃபோர்னியால மெடி-கேல், டென்னசில டென்கேர், நியூ ஜெர்சில ஃபேமிலிகேர். "எனக்கு மெடிகெய்டு இல்லைங்க, மெடி-கேல் தான் இருக்கு"ன்னு ஒரு பெரியவர் என்கிட்ட சண்டையே போட்டார்.

வருமானம் குறைவா இருந்தா கெடைக்கும்ல, அப்படின்னு நம்பி ஸ்டேட் மாறிடாதீங்க. 2012-ல சுப்ரீம் கோர்ட் மெடிகெய்டை விரிவுபடுத்தச் சொல்லி ஸ்டேட்டை ஃபெடரல் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. விரிவுபடுத்தின ஸ்டேட்ல வறுமைக் கோட்டுக்கு 138 சதவீதம் வரைக்கும் வருமானம் இருக்கற, 65 வயசு ஆகாத பெரியவங்களுக்கும் உண்டு. டெக்ஸாஸ் விரிவுபடுத்தல. அங்க சின்னப் பிள்ளை இல்லாத, கர்ப்பமா இல்லாத, ஊனம் இல்லாத, 65 ஆகாத ஆளுக்கு வருமானம் சுத்தமா பூஜ்யம்னாலும் மெடிகெய்டு கிடையாது. நியூ ஜெர்சில கார்டு வச்சிருந்த குடும்பம் டாலஸுக்கு வீடு மாத்தினா அந்தக் கார்டு அங்க வெறும் பிளாஸ்டிக். பழைய ஸ்டேட்ல மூடச் சொல்லணும், புது ஸ்டேட்ல முதல்லேந்து அப்ளை பண்ணணும், அது தானா மாறவே மாறாது.

அப்பா அம்மாவைக் கிரீன் கார்டுல கூப்பிடறவங்க இதைக் கவனமா படிங்க. 1996 சட்டப்படி புதுசா கிரீன் கார்டு வாங்கினவங்களுக்குப் பொதுவா 5 வருசம் மெடிகெய்டு கிடையாது. மெடிகேர் வேற திட்டம், 65 வயசு ஆகியும் இங்க வேலை பாத்த கணக்கு இல்லாதவங்க கிரீன் கார்டோட தொடர்ந்து 5 வருசம் இருந்தாதான் காசு கட்டி அதுல சேர முடியும். ஆக, அந்த 5 வருசத்துக்கு இன்சூரன்ஸ் என்னன்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாத்து வைங்க, ஆஸ்பத்திரில படுத்தப்புறம் இல்ல. குழந்தைகளுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் நிறைய ஸ்டேட் இந்த 5 வருசத்தைத் தள்ளுபடி பண்ணியிருக்கு, ஆனா கவுண்ட்டர்ல இருக்கறவங்களுக்கே சில சமயம் அது தெரியாது, "கிரீன் கார்டா, அஞ்சு வருசம் கழிச்சு வாங்க"ன்னு மூஞ்சியைக்கூடப் பாக்காம சொல்லி அனுப்பிடறாங்க.

அங்கதான் திரும்பி வரக்கூடாது. வாயால சொல்றது முடிவே இல்ல. "பரவாயில்ல, நான் அப்ளை பண்றேன், எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க"ன்னு சொல்லுங்க. அப்ளிகேஷன் வாங்கிட்டா மெடிகெய்டுல 45 நாளைக்குள்ள முடிவு சொல்லணும், ஊனம் சம்பந்தப்பட்டதுன்னா 90 நாள். முடியாதுன்னா காரணம், அப்பீல் எப்படி பண்றது ரெண்டும் லெட்டர்ல இருக்கணும். அப்ளை பண்ணாம வந்துட்டீங்கன்னா நீங்க போன சுவடே அங்க இருக்காது.

இது அவங்க போடற பிச்சை இல்ல. அஞ்சாவது திருத்தம் ஃபெடரலுக்கு, பதினாலாவது திருத்தம் ஸ்டேட்டுக்கு, முறைப்படி விசாரிக்காம எதையும் பிடுங்கக் கூடாதுன்னு சொல்லுது, அதுல போட்டிருக்கற வார்த்தை குடிமகன் இல்ல, நபர். விசாலயோ கிரீன் கார்டுலயோ இருக்கறவங்களும் அதுல சேர்த்தி. நியூ யார்க்ல உதவிப் பணத்தை நிறுத்தின கேஸ்ல 1970-ல சுப்ரீம் கோர்ட், முதல்ல விசாரணை வைக்கணும் அப்புறம்தான் நிறுத்தணும்னு சொன்னது இதை வச்சுதான். அதனால, ஏற்கனவே வந்துக்கிட்டிருக்கற மெடிகெய்டை நிறுத்தப் போறோம்னு லெட்டர் வந்தா, அதுல போட்டிருக்கற நிறுத்தற தேதிக்கு முன்னாடியே அப்பீல் போட்டு, விசாரணை முடியற வரைக்கும் தொடரணும்னு கேளுங்க. ஒண்ணு, கடைசில தோத்துட்டா அந்த இடைப்பட்ட காலத்துப் பணத்தைச் சில ஸ்டேட் திருப்பிக் கேக்கலாம், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

நாள் கணக்குல ஏமாறாதீங்க. அன்எம்ப்ளாய்மெண்ட் அப்பீலுக்கு நியூ யார்க், கலிஃபோர்னியால 30 நாள், டெக்ஸாஸ்ல வெறும் 14 நாள். சோசியல் செக்யூரிட்டில லெட்டர் கைக்கு வந்ததுலேந்து 60 நாள், லெட்டர் தேதிலேந்து 5 நாள்ல கைக்கு வந்துடுச்சுன்னு அவங்களே வச்சுக்குவாங்க. அன்எம்ப்ளாய்மெண்ட்ல பெரும்பாலும் அவங்க தபால்ல போட்ட தேதிதான் கணக்கு, நீங்க டப்பாவைத் திறந்த தேதி இல்ல, அதனால கவரையும் தூக்கிப் போடாதீங்க. அடுத்து, ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணி "நான் ஒத்துக்கல"ன்னு முக்கா மணி நேரம் பேசறதை அப்பீல்னு நெனச்சுக்கறாங்க. லெட்டர்ல என்ன வழி சொல்லியிருக்கோ அந்த வழில போட்டாதான் அப்பீல், போட்டதுக்கு ரசீது கையில இருக்கணும்.

எலெக்ட் ஆனவங்க கிட்ட போறதுன்னா ஆளைச் சரியா புடிங்க. காங்கிரஸ்மேன் வேற, ஸ்டேட் அசெம்ப்ளி மெம்பர் வேற. கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சோசியல் செக்யூரிட்டி இழுத்துக்கிட்டே போனா காங்கிரஸ்மேனோட லோக்கல் ஆபீஸ்ல கேஸ்வொர்க்கர்னு ஒருத்தர் இருப்பார், பிரைவசி ஃபார்ம்ல கையெழுத்து போட்டுக் குடுத்தாதான் அவர் உங்க ஃபைலைப் பத்திப் பேசவே முடியும். அன்எம்ப்ளாய்மெண்ட், லைசென்ஸ்னா ஸ்டேட் மெம்பர். ரெண்டு பேரும் விசாரிக்கலாம், ஆர்டர் போட முடியாது, சட்டம் போடறவங்க கை ஆபீஸ் உள்ள வரைக்கும் நீளாது. ஊர்ல எம்எல்ஏ ஒரு போன் போட்டா ஃபைல் பறக்குமே, அந்த வேகத்தை எதிர்பாக்காதீங்க, தூங்கற ஃபைல் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். முக்கியமா, கேஸ்வொர்க்கர் பாத்துக்கிட்டிருக்கார்னு அப்பீல் நாள் நிக்காது. ரெண்டையும் சேத்து ஓட்டணும்.

டிஎம்வி, அதாவது டிரைவிங் லைசென்ஸ் குடுக்கற ஸ்டேட் ஆபீஸ் பத்தி ஒண்ணு, இது ரொம்ப சீரியஸ். 1993 சட்டத்தால லைசென்ஸ் எடுக்கப் போகும்போதே ஓட்டர் லிஸ்ட்ல சேர்றீங்களான்னு கேப்பாங்க. கிளார்க் வேகத்துல கேப்பார், ஸ்கிரீன்ல டிக் இருக்கும், நம்மாளுங்க தலையை ஆட்டிட்டு கையெழுத்து போட்டுடுவாங்க. சிட்டிசன் இல்லாதவங்க அதுல "சிட்டிசன்"னு கையெழுத்து போட்டா பின்னாடி சிட்டிசன்ஷிப் கெடைக்காமலும் போகலாம், நாடு கடத்தற வரைக்கும் கூட போகலாம். கேட்டது ஸ்டேட் கிளார்க், மாட்டறது ஃபெடரல் இமிகிரேஷன்ல, "அவங்கதான் டிக் போட்டாங்க"ன்னு அங்க சொன்னா எடுபடும்னு நம்பாதீங்க. சிட்டிசன் இல்லன்னா "நோ"ன்னு வாயைத் திறந்து சொல்லிட்டு, கையெழுத்துக்கு முன்னாடி முழுசா படிங்க. தெரியாம ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இமிகிரேஷன் வக்கீலைப் பாருங்க.

வீடு மாறினா போஸ்ட் ஆபீஸ்ல மட்டும் சொல்லிட்டு விட்டுடறாங்க. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸுக்குச் சொல்லாது, தனித்தனி வீடுன்னு சொன்னேனே. கிரீன் கார்டு, எச்-1பி (வேலை விசா) ஆளுங்க 10 நாளைக்குள்ள அட்ரஸ் மாறினதைச் சொல்ற ஏஆர்-11 ஃபார்ம் போடணும், இது ஃபெடரல் சட்டம். லைசென்ஸ் புது ஸ்டேட்டுக்கு மாத்த கலிஃபோர்னியால 10 நாள், நியூ ஜெர்சில 60, டெக்ஸாஸ்ல 90. மெடிகெய்டு ஆபீஸுக்குத் தனியா சொல்லணும், அவங்க அனுப்பற ரின்யூவல் லெட்டர் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பினா கார்டு நின்னுடும், அது உங்களுக்குத் தெரியறது மருந்துக் கடைலதான்.

அந்த அக்கா கேஸ் என்னாச்சுன்னு கேப்பீங்க. சரியான காரணம் காட்டினா லேட்டா வந்த அப்பீலையும் எடுத்துக்க வழி இருந்துச்சு, ரிஜெக்ட் லெட்டர் பழைய அட்ரஸ் சுத்தி வந்ததுக்குக் கவர் மேல போஸ்ட் ஆபீஸ் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதை வச்சு போட்டோம், ஏத்துக்கிட்டாங்க. விசாரணை போன்ல. அன்னிக்கு யாருன்னே தெரியாத நம்பர்லேந்து கால் வந்திருக்கு, ஸ்பேம்னு கட் பண்ணப் போயிட்டாங்க, பக்கத்துல இருந்த பொண்ணு பிடுங்கி எடுத்துப் பேசினதால தப்பிச்சாங்க. எடுக்கலன்னா வரலன்னு எழுதி மூடியிருப்பாங்க. விசாரணை நாள் அன்னிக்கு மட்டும் எந்த நம்பர் வந்தாலும் எடுங்க.