தியாக்கோன்: சொல்லும் பொருளும்

டீக்கன், தியாக்கோன் என்று கிறிஸ்தவ சபைகளில் ஒரு பதவிக்கு வழங்கும் பெயருக்கு மூலம் 'தியாகொனொஸ்' என்னும் கிரேக்கச் சொல். அதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதே இங்கே கேள்வி. பந்தியில் பரிமாறுபவர், ஏவிய வேலையை முடித்து வருபவர் என்று பொருள். கானாவூர்க் கல்யாணத்தில் சாடிகளில் தண்ணீர் நிரப்பியவர்களையும் யோவான் தம் சுவிசேஷத்தில் இச்சொல்லாலேயே குறிக்கிறார். 'தூசியினூடே ஓடுபவர்' என்று பிரித்துப் பொருள் சொல்வது பொருந்தாது. 'ஊடே' என்னும் பொருளுள்ள 'திய' குறிலில் முடியும். இங்கே இருப்பது நெடில்.

இந்தப் பதவியின் தொடக்கம் என்று பலர் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் பன்னிருவர் சபையைக் கூட்டி, நற்பெயருள்ள 7 பேரைச் சபையாரே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு ஜெபித்துக் கைகளை வைத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பகிர்வை ஒப்படைத்தார்கள் என்று கருத இடமுண்டு.

இந்தப் பகுதியில் பந்திப் பணிக்கும் வசனத்தைப் போதிக்கும் பணிக்கும் நூலாசிரியர் லூக்கா எழுதுவது 'தியாகொனியா' என்ற ஒரே சொல். பழைய தமிழ் வேதாகமமோ முன்னதை 'விசாரணை' என்றும் பின்னதை 'ஊழியம்' என்றும் பெயர்க்கிறது. பந்தி விசாரித்தல் அருமையான தமிழ்தான். ஆனால் சொல் இரண்டானதால், ஒன்று மேலான பணி, மற்றது எடுபிடி வேலை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

எழுவரை லூக்கா தியாக்கோன் என்று அழைக்கவேயில்லை. பதவிப் பெயராக அது தெளிவாக வருவது பிலிப்பியர் 1:1-இலும் 1 தீமோத்தேயு 3-இலும். அங்கே பழைய தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்கிறது. ரோமர் 16:1-இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்கும் பவுல் அதே சொல்லைத் தருகிறார். தமிழில் அவர் 'ஊழியக்காரி' ஆகிவிடுவதால் பதவியோடுள்ள தொடர்பு மறைகிறது.

ஏழு என்ற எண்ணிக்கையும் ஏழை விதவைகளின் ஆதரவும் பின்னாளிலும் காணப்படுகின்றன. கி.பி. 251-இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம், அச்சபையில் 46 மூப்பர், 7 தியாக்கோன்கள், ஆதரவு பெறும் விதவைகளும் வறியோரும் 1500-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது.

'உதவிக்காரர்' ஒருவருக்குக் கீழ்ப்பட்ட உதவியாளராக ஒலிக்கிறது. கத்தோலிக்கர் வழங்கும் 'திருத்தொண்டர்' என்ற சொல்லே இந்தப் பதவிக்கு ஏற்றது. பந்திக்கும் வசனத்துக்கும் 'தொண்டு' ஒன்றே போதும். கானாவூரில் தண்ணீர் நிரப்பியவர்களுக்குப் 'பணியாளர்' சரி.